கயிறு அறுத்த கை

சமாவுன் அண்ணாந்து பார்த்து வருஷக்கணக்காயிற்று. தேங்காய் வாங்க வருகிற வியாபாரி, "மரத்துல எத்தனை குலை இருக்கும்?" என்று கேட்டால், "நீயே பார்த்துக்கோ" என்பான். மழை வருமா என்று ஊரே வானத்தைப் பார்க்கும்போது அவன் மட்டும் எறும்பு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். பிளாங் முரோங் ஊர்ப் பிள்ளைகள் அவனுக்குத் 'தரைமாமா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரியவர்கள் அதைக் கேட்டால் அதட்டுவார்கள், ஆனால் அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அதட்டுவார்கள். அவன் ஏன் மேலே பார்ப்பதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைப் பேசாமல் இருப்பதுதான், பட்டாளத்துக்கும் மலையிலிருந்த கலகக்காரர்களுக்கும் சண்டை நடந்த அந்தக் கெட்ட வருஷங்களில் அச்சே நாட்டுக் கிராமங்களில் எல்லோரும் கற்றுக்கொண்ட ஒரே படிப்பு.

அன்று அவன் சாலையோரம் சாக்கு விரித்துப் பாக்கைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். சுரையா வந்து சாக்கின் மறுமுனையில் உட்கார்ந்தாள். அவன் அண்ணன் ரசாலியின் ஒரே மகள். அடுத்த ஊர் ஹெல்மிக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் தங்கம் கொடுத்தாயிற்று, வெள்ளிக்கிழமை நிக்காஹ்.

"சித்தப்பா, வெள்ளிக்கிழமை நீங்க எங்க உக்காருவீங்க?"

"பந்தல்ல எங்கயாச்சும் இடம் கிடைக்காமலா போகும்?"

"பந்தல்ல உக்கார ஊர்ல ஆளா இல்ல? மாப்பிள்ளைக்கு எதிர்ல உக்காந்து அவர் கையைப் பிடிச்சு என்னைக் குடுக்கணும். வாப்பா இடத்துல நீங்கதானே இருக்கணும்?"

சமாவுன் ஒரு பாக்கை எடுத்துத் திருப்பி வைத்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"உங்க அம்மா என்ன சொல்றாங்க?"

"டவுன்லேருந்து கவர்மெண்டு காஜி வந்து குடுப்பாராம். யாரோ ஒரு ஆளு! என் பேரையே பேப்பரைப் பார்த்துத்தான் படிப்பாரு. பள்ளிவாசல் ஆலிம் தெங்கு லத்தீப் சொல்லிட்டார், தகப்பன் மௌத்துன்னா சித்தப்பனுக்குப் பாத்தியதை, தகப்பன் காணாமப் போனவர்னா காஜிக்குப் பாத்தியதைன்னு. அம்மா வாயைத் திறந்து மௌத்துன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்ல மாட்டேங்கிறாங்க."

"அது அவங்க இஷ்டம்மா."

"வீடு எனக்குத்தானே வருது, சித்தப்பா. அந்தப் பரணுக்குக் கீழே நான்தானே குடும்பம் நடத்தணும்? சாயங்காலமானா மேல இருமல். ஹெல்மி வந்து ரெண்டு நாள்ல, யாரு அதுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்ல? வாப்பா உயிரோட இருக்காருன்னா இறங்கி வரட்டும். இல்லைன்னா ஒரு யாசீனாவது ஓதுங்க. ரெண்டும் இல்லாம எத்தனை வருஷம் மனுசனை மேலயே உக்கார வெப்பீங்க?"

அவள் அழவில்லை. அழுகிற பெண்ணாக இருந்தால் அவனுக்குச் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "அம்மாகிட்டப் பேசுங்க" என்று கட்டளை போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

பேசுவதாம். அந்த வீட்டுப் படியில் அவன் கால் வைத்தே எத்தனையோ வருஷம் ஆகிறது.

அந்த வீடு அவன் அண்ணி சல்பியாவுடையது. அங்கே வீடு என்றால் பெண்ணுடையதுதான். ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு வந்து குடியிருக்கிறவன். ரசாலி ஊரின் மேற்குக்கோடியில் அப்படிக் குடியிருந்தான், சமாவுன் கிழக்குக்கோடியில் தன் மனைவியின் வீட்டில் குடியிருந்தான். சல்பியாவின் வீடு அவள் தாய்வழியில் வந்த பழைய மரவீடு. ஆளுயரத் தூண்களின் மேல் நிற்கும், ஒரு ஆணி கிடையாது. கூரைக்கு ரும்பியா என்கிற சவ்வரிசிப் பனையின் ஓலை. அத்தனை ஓலையையும் ஒரே ஒரு கயிறுதான் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். கயிற்றின் முடிச்சு இறவாணத்தின் ஓரத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு கத்தியைச் செருகி வைத்திருப்பார்கள்.

ஏன் என்றால் தீ. ஓலையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கிற கதையெல்லாம் நடக்காது. முதலில் ஓடி வருகிறவன் கயிற்றை அறுத்துவிட வேண்டும். கூரை இரண்டு பக்கமும் சரிந்து கீழே விழும். ஓலை போகும், வீடு நிற்கும். அறுப்பதற்கு வீட்டுக்காரியின் அனுமதி தேவையில்லை. யோசித்துக்கொண்டு நிற்கிறவனைத்தான் ஊர் பிறகு காறித் துப்பும். தீ அணைந்ததும் வீட்டுக்காரி மஞ்சள் அரிசிச்சோறு சமைத்து எடுத்துக்கொண்டு போய், அறுத்தவன் கையில் இலையால் குளிர்ந்த தண்ணீர் தெளித்து நன்றி சொல்ல வேண்டும். அதுதான் முறை.

கெட்ட வருஷங்களில் ஒரு நாள் ரசாலி காணாமல் போனான். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சாலையில் கைகாட்டியவனைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாலத்தருகே இறக்கிவிட்டான், அவ்வளவுதான் அவன் செய்தது. ஏறியவன் யார் என்று இவனுக்குத் தெரியாது. தேடி வந்த பட்டாளத்துக்குத் தெரிந்திருந்தது. ரசாலி கலகக்காரர்களோடு மலைக்குப் போய்விட்டான் என்று ஊரே நம்பியது. சமாவுனும் நம்பினான். அண்ணிக்கு ஆண்துணை இல்லையே என்று அரிசியும் கருவாடும் கொண்டுபோய்ப் படியில் வைத்துவிட்டு வருவான். அவன் வைத்த அரிசியைத்தான் அவன் அண்ணன் தலைக்கு மேலே பரணில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தான்.

ஒரு நாள் சாயங்காலம், அசர் தொழுகை முடிந்த நேரம். சாலையோரத்துக் கடையை யாரோ கொளுத்தினார்கள். யாரென்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்காற்று பொறியை அள்ளிக்கொண்டு வந்து சல்பியாவின் கூரையில் போட்டது. சீருடைக்காரர்களின் லாரி சாலையில்தான் நின்றுகொண்டிருந்தது. சமாவுன்தான் முதலில் ஓடி வந்தான். வயலிலிருந்து வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறவாணத்துக்கு ஏறி, கத்தியை உருவி, கயிற்றை இடது கையால் இழுத்துப் பிடித்தான்.

அப்போது உள்ளே மேலேயிருந்து ஒரு இருமல் கேட்டது.

சின்ன வயதிலிருந்து ஒரே பாயில் படுத்துக் கேட்ட இருமல். கத்தி பிடித்த கை நின்றது. கீழே ஊர் முழுவதும் "அறுடா! அறுடா! பொணமா நிக்கிறியே!" என்று கூச்சல் போட்டது. மூங்கில் வெடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு அறுத்தான்.

கூரை சரிந்தது. ஊர் ஆரவாரம் செய்தது. புகை விலகியது. வீட்டின் உச்சியில், நான்கு பக்கமும் திறந்த பரணில், ரசாலி உட்கார்ந்திருந்தான். இடுப்பில் கைலி, கையில் ஒரு தகரக் குவளை. ஆரவாரம் செய்தவர்கள் அப்படியே வாயடைத்துப் போனார்கள். அவன் எழுந்து நின்றான். நிற்பதைத் தவிர அவனால் வேறு என்ன செய்ய முடியும்? வானத்தைப் பார்த்தான், வெளிச்சத்தில் கண் கூசியது. ஊரும் பார்த்தது, லாரியும் பார்த்தது.

அவனாகவே இறங்கி வந்தான். படியடியில் தம்பியிடம் நின்றான்.

"உன் செருப்பைக் குடுடா. வெறுங்காலோட எவ்வளவு தூரம் நடக்க விடுவாங்களோ."

சமாவுன் கழற்றிக் கொடுத்தான். ரசாலி அதை மாட்டிக்கொண்டு லாரிக்குப் போனான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

மூன்றாம் நாள் சல்பியா வந்தாள். கையில் மஞ்சள் அரிசிச்சோறு, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு கொத்து இலை. கண்ணில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சமாவுனின் வலது கையை நீட்டச் சொல்லி இலையால் தண்ணீர் தெளித்தாள். "வீட்டைக் காப்பாத்தினே. அல்லா உனக்கு நல்லது செய்யட்டும்" என்று முறைப்படி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தத் தண்ணீர் கொதிக்கிற எண்ணெயாக இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. சபித்திருந்தால் தாங்கியிருப்பான், நன்றியை அவனால் தாங்க முடியவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்ததுதான். கூரை பிரித்த வீடு எங்கே நின்றாலும் அதன் உச்சியில் கைலி கட்டிய ஒருவன் தகரக் குவளையோடு நிற்பான். சமாதானம் வந்து, எரிந்த வீடுகளை எல்லோரும் திரும்பக் கட்டிய வருஷத்தில் ஊரில் பாதி வீடு வெறும் சட்டமாக நின்றது. அத்தனை சட்டத்திலும் அவன் நின்றான். பட்டப்பகலில், கண் கூச, இவனைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபம் என்று ஒன்றிருந்தால் சமாவுன் அதையாவது பிடித்துக்கொண்டிருப்பான். சல்பியா ஓலையை விட்டுவிட்டுத் தகரக்கூரை போட்டுக்கொண்டாள். அதன் கீழே பரணில் இருமல் தொடர்ந்தது. ஏழாம் நாள் கந்தூரி இல்லை, நாற்பதாம் நாள் ஓதல் இல்லை. செத்தவனுக்குத்தானே அதெல்லாம்.

சுரையா வந்துவிட்டுப் போன மறுநாள் காலையில் சமாவுன் அந்த வீட்டுக்குப் போனான். சல்பியா தூண்களுக்கிடையே நிழலில் உட்கார்ந்து கல்யாணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. மேல போய் உக்காரு, காப்பி போடச் சொல்றேன்."

"இல்ல அண்ணி, இங்கயே நிக்கிறேன்."

"நில்லு. எத்தனை வருஷமாத் தரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே, இன்னும் புதையல் ஒண்ணும் கிடைச்ச பாடில்ல."

மேலே யாரோ இருமினார்கள். வறண்ட, இழுத்து இழுத்து வருகிற இருமல். சல்பியாவின் கை துருவுவதை நிறுத்தவில்லை.

"பூனையா இருக்கும்" என்றான் சமாவுன்.

"பூனை பீடி குடிக்குமா?"

தன் காதுக்குள் மட்டும்தான் கேட்கிறது என்று அவன் சிலநாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டதுண்டு. அதற்கும் இப்போது வழியில்லாமல் போயிற்று.

"சுரையா வந்திருந்தா, அண்ணி."

"தெரியும். நான்தான் போகாதேன்னேன். யார் பேச்சைக் கேக்குறா, அவங்க வாப்பா மாதிரி."

"ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா…"

"சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தகுதி இல்லைன்னா, நான் ஊரை விட்டே போயிடுறேன். வேற யாராவது குடுக்கட்டும். ஆனா அண்ணனுக்கு ஒரு ஓதலாவது நடக்கட்டும். என் மேல இருக்கிற கோவத்துல அவரை இப்படிப் பாதியில நிறுத்தாதீங்க."

சல்பியா துருவியைத் தள்ளி வைத்தாள். "கோவமா? உன் மேலயா?" என்றாள்.

அவன் சொல்ல வந்ததை இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அன்னிக்கு எனக்கு இருமல் கேட்டுச்சு, அண்ணி. கத்தியை ஓங்கினப்ப. அவர்தான்னு தெரிஞ்சுச்சு. தெரிஞ்சும் அறுத்தேன்."

"தெரியுமே."

"என்ன தெரியும்?"

"உன் கை நின்னுச்சே. நான் வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். வயல்லேருந்து ஓடி வந்து மூச்சு வாங்கிட்டு நின்னேன். அறுக்காதேன்னு நான் கத்தினா அவர் எரிஞ்சு போவார். அறுன்னு கத்தினா அவங்க கையில மாட்டுவார். என் வாயில துணி அடைச்ச மாதிரி நின்னேன். நீ அறுத்தே. எனக்காகவும் சேர்த்து நீ அறுத்தே, சமாவுன். அதுக்குத்தான் மஞ்சச்சோறு கொண்டு வந்தேன். நீ என்னவோ நான் விஷம் கொண்டு வந்த மாதிரி பார்த்தே."

"அப்புறம் ஏன் அவரை மௌத்துன்னு சொல்ல மாட்டேங்கிறீங்க?"

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"பைத்தியக்காரா. அவர் காணாமப் போனவர்னா, நீ ஒரு கயிறை அறுத்தவன். அவ்வளவுதான். எல்லாரும் செய்யிற காரியம். அவர் செத்துட்டாருன்னு நான் என் வாயால சொன்னா நீ யாரு? அண்ணனைக் கொன்னவன். உன் பிள்ளைங்க யாரு? ஊர் வாய் சும்மா இருக்குமா? எனக்குப் புருஷனும் போய்ட்டார். மிச்சம் இருக்கிற ஒரு ஆம்பளையையும் நானே கொலைகாரனாக்கணுமா? அதனாலதான் அவரை அங்கேயே வெச்சிருக்கேன். இருமட்டும். உனக்காக இருமட்டும்."

இத்தனை வருஷமும் தன்னைத் தண்டிக்க அவள் அந்த வார்த்தையை அடக்கி வைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தக் குடைக்கு அடியில் அவள் விதவையாகவும் இல்லை, மனைவியாகவும் இல்லை. வேறு கல்யாணம் செய்துகொள்ளவும் முடியாது, உட்கார்ந்து ஒரு மூச்சு அழவும் முடியாது. சமாவுன் திரும்பி நடந்தான்.

"காஜிதான் குடுப்பார்" என்று பின்னாலிருந்து சல்பியா சொன்னாள். "நீ பந்தல்ல உக்காந்து வயிறாரச் சாப்பிட்டுப் போ."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. முன்கூடத்தில் ஆண்கள், பின்கூடத்தில் பெண்கள், நடுவில் தங்கச்சரிகைத் திரை. ஹெல்மி புதுத் தொப்பிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே டவுன் காஜி, பக்கத்தில் தெங்கு லத்தீப், ஊர்த்தலைவர் பஹ்ரும். காஜிக்கு அன்று இன்னும் இரண்டு கல்யாணம் இருந்தது. கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார்.

சமாவுன் படியடியில் நின்றான். தண்ணீர்ச்சாடியில் காலைக் கழுவினான். பிறகு ஏறினான். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஏற்பட்டு உடனே அடங்கியது. அவன் வாசலை ஒட்டி உட்கார்ந்தான்.

"பெண்ணின் தகப்பனார்?" என்று காஜி கேட்டார்.

"காணாமப் போனவர்" என்றார் பஹ்ரும், முன்பே பேசி வைத்தபடி. "அதனால தாங்களே…"

"இல்ல" என்றான் சமாவுன்.

எல்லோரும் திரும்பினார்கள். பஹ்ரும் கண்ணாலேயே அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.

"எங்க அண்ணன் மௌத்தாயிட்டார்."

காஜி பேனாவைக் கீழே வைத்தார். "யார் பார்த்தது? இது கல்யாண வீடு. சந்தேகத்துல பேசக்கூடாது."

"சந்தேகம் இல்ல, ஐயா. இந்தக் கூரை எரிஞ்சப்ப அவர் அந்தப் பரண்ல இருந்தார். எனக்கு அவர் இருமுறது கேட்டுச்சு. கேட்டுத்தான் கயிறை அறுத்தேன். இங்க இருக்கிற எல்லாரும் பார்த்தாங்க. லாரிக்காரங்க கூட்டிக்கிட்டுப் போனாங்க. அப்படிப் போனவங்கள்ல ஒருத்தர் திரும்பி வந்திருந்தாச் சொல்லுங்க, நான் வாயை மூடிக்கிறேன்." அவன் தன் வலது கையைத் தரையில் விரித்து வைத்தான். "அவர் மௌத்து என் கையால. ஊர் என்ன சொல்லணுமோ சொல்லட்டும். இனிமே அவங்க அண்ணி அதைத் தூக்கிச் சுமக்க வேணாம்."

'எங்க அண்ணி' என்று சொல்ல வந்து 'அவங்க அண்ணி' என்று வாய் குழறிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

தெங்கு லத்தீப் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்றார்.

முதலில் கிழவர்கள் சொன்னார்கள். பிறகு மாப்பிள்ளையோடு வந்தவர்கள், யாருக்காக என்று முழுதாகத் தெரியாமலே சொன்னார்கள். பிறகு கூடம் முழுவதும் சொன்னது. கல்யாண உடுப்பில், அத்தர் வாசனையோடு, சாவுச் செய்தி கேட்டவர்கள் சொல்கிற வார்த்தையை எல்லோரும் சொன்னார்கள். பஹ்ருமும் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

அப்போதுதான் பின்கூடத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சல்பியா அழுதாள். அன்றைக்குத்தான் மையித்தைக் கொண்டு வந்து வாசலில் இறக்கினாற்போல, மார்பில் அறைந்துகொண்டு, பெயர் சொல்லி அழுதாள். பெண்கள் யாரும் அவளை அடக்கவில்லை. அடுப்பில் கிளறிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்கள். "அம்மா, அழுங்கம்மா, நல்லா அழுங்க" என்று சுரையாவின் குரல் கேட்டது.

காஜி எழுந்து தன் இடத்தை விட்டுக் கொடுத்தார். சமாவுன் போய் ஹெல்மிக்கு எதிரே உட்கார்ந்தான். பையனின் கை சில்லிட்டிருந்தது. பயந்துபோய்த் தன்னைப் பார்க்கிறான் என்று சமாவுனுக்குத் தெரிந்தது. இனி இந்த ஊரில் நிறையப் பேர் அப்படித்தான் பார்ப்பார்கள் என்பதும் தெரிந்தது. உள்ளே அழுகை நிற்பதாக இல்லை. நிற்கட்டும் என்று அவன் காத்திருக்கவில்லை. அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மர்ஹூம் ரசாலியின் மகள் சுரையாவை உனக்கு நிக்காஹ் செய்து கொடுக்கிறேன் என்று, அழுகைக்கு மேலே கேட்கும்படி உரக்கச் சொன்னான்.